"விருந்தின் உயிர்நாடி நான்தான்": ஆளுமைச் சோதனைக் கேள்விகள் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டவை?

வைகைக்கரை | சனி, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிப்பட்டி பக்கம் ஒரு கணக்கெடுப்பு வேலையில் இருக்கிறேன். பெண்களின் சிறுதொழில், கடன், சேமிப்பு பற்றிய ஆய்வு. அதன் கடைசியில் ஐம்பது வாக்கியங்கள் கொண்ட ஆளுமைச் சோதனை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு வாக்கியமாகப் படிப்போம், எதிரில் இருப்பவர் "முழுக்கப் பொருந்தும்" என்பதிலிருந்து "கொஞ்சமும் பொருந்தாது" வரை ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

போன வாரம் அறுபது வயதுள்ள ஒரு அம்மாவிடம் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டே பதில் சொன்னார். கடன், வட்டி, சீட்டு எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. ஆளுமைப் பகுதி வந்ததும் கை நின்றுவிட்டது.

முதல் வாக்கியம்: "விருந்தின் உயிர்நாடி நான்தான்." அந்த அம்மா கேட்டார்: "எந்த விருந்துல? நம்ம வீட்டு விசேஷமா, அடுத்தவுக வீட்டு விசேஷமா?"

அடுத்தது: "நான் அதிகம் பேசமாட்டேன்." "யார்ட்ட? களையெடுக்குற எடத்துல ஊருக்கே கேக்கும் என் பேச்சு. சம்பந்தி வீட்டுல வாயத் தொறக்க மாட்டேன். எத எழுதுவீக?"

பிறகு: "என் பொருட்களை அங்கங்கே போட்டுவிடுவேன்." சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பொருளுன்னு தனியா என்னப்பா இருக்கு?"

மூன்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போடச் சொன்னார் மேற்பார்வையாளர். போட்டுவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த அம்மா தெளிவாகத்தான் பதில் சொன்னார். அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளத் தாளில்தான் இடமில்லை. இனி அவர் கணினியில் "நடுத்தரமானவர்" என்று பதிவாகிவிடுவார்.

என் கேள்வி இதுதான். தவறு என் தமிழாக்கத்திலா, அளவுகோலிலேயா?

நிலா_மனம் | சனி, காலை 8:15

அண்ணா, நான் உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. நீங்கள் சொல்வது "ஐம்பெரும் பண்புகள்" சோதனை. புறமுகத்தன்மை (பலரோடு கலகலப்பாகப் பழகுவது), இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதுமைக்குத் திறந்திருத்தல் என்ற ஐந்து. இது ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டுமானது இல்லை என்றுதான் எங்களுக்குப் பாடம். மெக்ரே, கோஸ்டா என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் ஜெர்மன், போர்ச்சுகீசியம், ஹீப்ரு, சீனம், கொரியன், ஜப்பானியம் என்று ஆறு மொழிகளில் பார்த்தார்கள், அமெரிக்காவில் கிடைத்த அதே ஐந்து கிடைத்தது. 2005இல் மெக்ரேயும் வேறு பல ஆய்வாளர்களும் ஐம்பது பண்பாடுகளில் செய்தார்கள், பெரும்பாலும் அதேதான். ஆகவே மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். தமிழாக்கியதைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிட்டீர்களா?

வைகைக்கரை | சனி, காலை 8:40

செய்தோமம்மா. அச்சுப்பிசகாமல் திரும்பி வந்தது. வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. "பார்ட்டி" என்ற ஒன்று அந்த அம்மா வாழ்க்கையில் இல்லை. நான் "விருந்து" என்று போட்டால் அது கல்யாணம், காதுகுத்து, கறிவிருந்து. அங்கே யார் கலகலப்பாக இருக்க வேண்டும், யார் அடுப்படியில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் முறைப்படி முன்னமே முடிவானது. அதில் என் சுபாவம் எங்கே தெரியும்?

பழைய_வாத்தியார் | சனி, காலை 10:05

முப்பது வருடம் உளவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வைகைக்கரைத் தம்பி தொட்டிருப்பது இந்தத் துறையின் அஸ்திவாரத்தை.

இந்த ஐந்தும் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். ஒரு சமூகத்துக்கு முக்கியமான குணங்களுக்கெல்லாம் அதன் மொழியில் பெயர் இருக்கும் என்பது அடிப்படை எண்ணம். நல்ல எண்ணம்தான். 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற உளவியலாளர்கள் வெப்ஸ்டர் ஆங்கில அகராதியைப் புரட்டி மனிதரை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களை எடுத்தார்கள். அதில் நிலையான குணத்தைச் சொல்பவை சுமார் 4,500. பின்னால் வந்த ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அதை வடிகட்டிச் சில டஜன்களாக்கினார். 1961இல் டூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் அமெரிக்க விமானப்படை ஆட்களின் மதிப்பீடுகளைக் கணக்குப் போட்டபோது ஐந்து காரணிகள், அதாவது சேர்ந்தே வரும் குணக் கொத்துகள், தெளிந்து வந்தன. எந்த மொழியின் அகராதி, எந்த ஊர்ச் சிப்பாய் என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் பெயர் இல்லாத குணம் அந்த வலையில் விழவே வழியில்லை.

நிலா, நீங்கள் சொன்ன ஆறு மொழி ஆய்வில், அமெரிக்காவில் தயாரான கேள்வித்தாளைத்தான் மொழிபெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஐந்து வாய் வைத்த பாத்திரத்தில் எந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் ஐந்து தாரையாகத்தானே வரும்? ஐம்பது பண்பாட்டு ஆய்வில் பதில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி. அங்கேயும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் பொருத்தம் குறைந்தது.

கல்லூரி வாசலுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். வேட்டை, மீன்பிடி, கொஞ்சம் பயிர். மைக்கேல் குர்வெனும் அவர் குழுவினரும் 632 பேரிடம் இந்த ஐம்பெரும் பண்புக் கேள்விகளை அவர்கள் மொழியிலேயே கேட்டார்கள். 2013இல் வெளியானது. ஐந்து வரவில்லை. மனைவியைப் பற்றிக் கணவன், கணவனைப் பற்றி மனைவி என்று 430 பேரிடம் மறுபடி கேட்டார்கள். அப்போதும் வரவில்லை. படித்தவர், ஸ்பானிஷ் தெரிந்தவர் என்று பிரித்துப் பார்த்தும் வரவில்லை. அங்கே தெரிந்தது இரண்டே குவியல். ஒன்று, மற்றவரோடு சேர்ந்து வாழும் நல்ல குணம். இன்னொன்று, உழைப்பு.

யோசித்துப் பாருங்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சிறு ஊரில், செய்யும் வேலையும் ஏறத்தாழ ஒன்றேயான இடத்தில், ஒருவரைப் பற்றிக் கேட்க வேறென்ன இருக்கிறது? நாலு பேருக்கு உதவுவாரா, ஒழுங்காக வேலை செய்வாரா? நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் பையனைப் பற்றி விசாரிப்பதும் இதைத்தானே?

கணக்கன்_தஞ்சை | சனி, பகல் 12:30

புள்ளியியல் ஆள் நான், என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2019இல் லஜாஜ், மக்கூர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு வைகைக்கரை அண்ணனுக்கு நேரடியாகப் பயன்படும். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் 23இல் நேரில் போய் எடுத்த 29 கணக்கெடுப்புகளைச் சேர்த்தார்கள், மொத்தம் 94,751 பேர். ஐந்து பண்புகளும் ஒழுங்காகப் பிரியவில்லை. ஒரே பண்பைக் கேட்கும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, வேறு பண்பைக் கேட்பவை ஒட்டிக்கொண்டன. அதே நாடுகளில் இணையம் வழியாகத் தாங்களே விரும்பி வந்து பதில் எழுதியவர்களிடம் பொருத்தம் எவ்வளவோ மேல். அதாவது நாடு மட்டும் காரணமில்லை. யார், எப்படி, யார் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறார் என்பதும் காரணம்.

பெரிய குற்றவாளி "ஆமாம் சாமி" பதில். எது கேட்டாலும் தலையாட்டுவது. நகரத்திலிருந்து தாளும் டேப்லெட்டும் கையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் "இல்லை" என்று சொல்வது மரியாதைக்குறைவு என்றுதானே வளர்ந்திருக்கிறோம்? நான் கலகலப்பானவன், ஆமாங்க. நான் கூச்சப்படுவேன், ஆமாங்க. இரண்டும் எதிரெதிர். ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, இல்லாத ஒரு "பண்பை" உண்டாக்கிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "நான் அதிகம் பேசமாட்டேன், பொருந்துமா?" என்று கேட்டால் ஒருவர் "ஆமா, பேசமாட்டேன்" என்பார். இன்னொருவர் "இல்லைங்க, பேசமாட்டேன்" என்பார். இருவரும் சொன்னது ஒன்றுதான். "ஆமா", "இல்லை" என்ற முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக் கட்டத்தில் டிக் போட்டால் ஒருவர் பேச்சுக்காரர், இன்னொருவர் அமைதியானவர்! அண்ணே, உங்கள் குழுவில் எத்தனை பேர் முழு வாக்கியத்தையும் கேட்டு எழுதுகிறார்கள்?

வைகைக்கரை | சனி, பகல் 12:55

//முழு வாக்கியத்தையும் கேட்டு எழுதுகிறார்கள்?//

உண்மையைச் சொன்னால், ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும். மாலையில் எட்டாவது வீட்டுக்குப் போகும்போது நானே முதல் வார்த்தையில் டிக் போட்டிருக்கிறேன். இதைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டத்தில் இதைச் சொல்கிறேன். "மாட்டேன்", "இல்லை" என்று முடியும் வாக்கியம் பத்துக்கு மேல் இருக்கிறது.

செந்தில்_கோவை | சனி, மாலை 4:20

மனிதவளத் துறையில் இருப்பவன். எதிர்த்தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில் இந்தச் சோதனைகளை ஏன் பயன்படுத்துகிறோம் தெரியுமா? இல்லையென்றால் நேர்காணல் செய்பவரின் கண்தான் அளவுகோல். எந்த ஊர், எந்தப் பள்ளி, பேச்சில் எந்த வாடை, நெற்றியில் என்ன இருக்கிறது, அப்பா என்ன வேலை. இதில் சாதி எப்படி உள்ளே வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேள்வித்தாள் அப்பா பெயரைக் கேட்பதில்லை. குறை இருக்கலாம். ஆனால் அதைத் தூக்கி எறிந்தால் திரும்பி வருவது எது என்று யோசித்துவிட்டு எறியுங்கள்.

மதுரைப்பொண்ணு | சனி, மாலை 5:10

செந்தில் சார், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா கேள்வித்தாள் அப்பா பேரைக் கேக்காமலே கண்டுபிடிச்சிடும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி வேலைக்கு எழுத்துத் தேர்வு, தொழில்நுட்பத் தேர்வு ரெண்டுலயும் தேறி, ஆளுமைச் சோதனையில கழண்டுட்டேன். "குழுவில் என் கருத்தை வலியுறுத்தத் தயங்கமாட்டேன்", "மேலதிகாரி தவறு செய்தால் எல்லோர் முன்னிலும் சுட்டிக்காட்டுவேன்", இந்த மாதிரிக் கேள்விகள். எங்க வீட்ல பெரியவங்க தப்பு பண்ணா தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லுவோம், நாலு பேர் முன்னாடி சொன்னா அது சபையில அவமானப்படுத்துறது. உண்மையா "மாட்டேன்"னு போட்டேன். "தன்னம்பிக்கை குறைவு, தலைமைப் பண்பு குறைவு"ன்னு அறிக்கை வந்துச்சு. எங்க அப்பா செத்தப்புறம் பதினெட்டு வயசுல இருந்து வீட்டை நான் நடத்துறேன். தம்பியைப் படிக்க வச்சேன், வட்டிக்காரன் வீட்டு வாசல்ல போய் நின்னு தவணை பேசினேன். அதுக்கு அந்தத் தாள்ல கேள்வியே இல்ல.

கூடத் தேர்வு எழுதுன இன்னொரு பொண்ணு நகரத்துப் பள்ளியில படிச்சவ. "எது கேட்டாலும் துணிச்சலா இருக்கிற மாதிரி டிக் பண்ணணும்டி, இது கூடத் தெரியாதா?"ன்னா. எந்த விடை விரும்பப்படுதுன்னு தெரிஞ்சிருக்கிறதும் ஒரு சொத்து சார். அது எந்த வீட்ல இருக்கும், எந்த வீட்ல இருக்காதுன்னு உங்களுக்கே தெரியும்.

செந்தில்_கோவை | சனி, மாலை 5:45

தங்கச்சி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. வருத்தமாக இருக்கிறது. எங்கள் நிறுவனத்திலும் தேறாதவர்கள் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கணக்கை எடுக்கிறேன்.

பழைய_வாத்தியார் | சனி, இரவு 8:30

செந்தில் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. எறிந்துவிட்டு என்ன செய்வது? தென்னாப்பிரிக்கா ஒரு வழி காட்டியிருக்கிறது.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அங்கே வெள்ளையருக்காக உருவான சோதனைகளைக் கறுப்பினத் தொழிலாளர் மேல் பயன்படுத்தி வேலை பிரித்தார்கள். ஆட்சி மாறியபின் 1998இல் வந்த வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உளவியல் சோதனை அறிவியல்படி செல்லுபடியாகும், நம்பகமானது, எல்லோருக்கும் நியாயமாகப் பயன்படுத்தலாம், எந்தக் குழுவுக்கும் பாரபட்சமில்லை என்று காட்டினால் ஒழிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. நிரூபிக்க வேண்டியது சோதனை வைப்பவரின் பொறுப்பு. நம் சட்டத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் மதுரைப்பொண்ணு அந்த அறிக்கையை எதிர்த்து நின்றிருக்கலாம்.

அதோடு நிற்கவில்லை. அங்கே அப்போது ஆட்சிமொழிகள் 11. ஒவ்வொரு மொழி பேசுபவரிடமும் போய், அவரவர் மொழியிலேயே, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று 1,216 பேரிடம் கேட்டார்கள். 50,000க்கு மேற்பட்ட விவரிப்புகள் வந்தன. அதைப் பிரித்து, தொகுத்து, ஒன்பது பெருங்குழுக்கள் ஆக்கினார்கள். பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை போன்ற பழைய முகங்களும் இருந்தன. கூடவே உறவில் இணக்கம் காத்தல், இளகிய மனம், பிறரை வழிநடத்தி உயர்த்துதல் என்று ஆங்கில அகராதி வழியாக வந்த ஐந்தில் ஒரே பெட்டியில் நசுங்கிக் கிடந்தவை தனித்தனியாக எழுந்து நின்றன. மக்கள் வாயிலிருந்து கேள்வி பிறந்தது என்பதுதான் இதில் பெரிய மாற்றம்.

ஸ்கார்பரோ_வாணி | சனி, இரவு 10:50

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. வைத்தியசாலைகளில மொழிபெயர்ப்பாளரா வேலை. ஆளுமைச் சோதனை எண்டா ஆக்களுக்கு வேலை கிடைக்கிறது, கிடைக்காதது மட்டுமில்லை. "உங்களுக்கு மனநோய்" எண்டு முத்திரை குத்துறதும் அதாலதான்.

எம்எம்பிஐ எண்டு மனநோயைக் கணிக்கிறதுக்கு ஒரு பெரிய சோதனை. 1943இல அமெரிக்காவின்ர மினசோட்டாவில வந்தது. "சாதாரண மனுசர்" எப்பிடிப் பதில் சொல்லுவினம் எண்டு அறிய அங்கத்தைய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு நோயாளரைப் பார்க்க வந்த 724 பேரைப் பிடிச்சுக் கேட்டவை. எல்லாரும் அந்தப் பக்கத்து வெள்ளைக்காரச் சனம். அதில இருந்து விலகினா நீங்கள் சாதாரணம் இல்லை. பழைய பதிப்பில "லிங்கன் வாஷிங்டனை விடப் பெரியவர் எண்டு நினைக்கிறன்" எண்டும் கேள்வி இருந்தது. கைலேஞ்சி (கைக்குட்டை) போட்டு விளையாடுற அவையின்ர சின்னப்பிள்ளை விளையாட்டுப் பற்றியும் இருந்தது. 1989இல திருத்தேக்கதான் பலதை எடுத்தவை.

ஆவி பிடிக்கிறது பற்றின கேள்வியும் இருக்கு. ஒருக்கா ஒரு வயசுபோன அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போனனான், எம்எம்பிஐ இல்லை, வேறொரு படிவம், ஆனா இதே மாதிரிக் கேள்வி. "வேறொரு சக்தி உங்கட உடம்புக்குள்ள வந்திருக்கோ?" எண்டு. அவ முகம் மலர்ந்து சொன்னா: "ஓம், அம்மாளாச்சி திருவிழாவில கலை வாறது எனக்கு. இருவது வருசமா." அவ பெருமையாச் சொல்லுறா. எதிரில இருக்கிறவர் குனிஞ்சு எழுதுறார். நான் வாயைத் திறந்து "கோயில்ல நடக்கிற வழமை இது" எண்டு சொல்லலாமோ கூடாதோ? சொன்னதை மட்டும் மொழிபெயர்க்கிறதுதான் எங்கட விதி. விதியை மீறிச் சொன்னன். அவர் நல்ல மனுசன், பேனையை வச்சிட்டுக் கேட்டவர். கேக்காத ஆள் எண்டா என்ன நடந்திருக்கும்?

நிலா_மனம் | ஞாயிறு, காலை 7:30

வாணி அக்கா, உங்கள் பதிவைப் படித்தபிறகு நேற்று நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் போதும்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்.

ஹாங்காங்கின் ஃபேனி செயுங் என்ற ஆய்வாளருக்கும் இதே அனுபவம். எம்எம்பிஐயைச் சீனத்தில் கொண்டுவந்தவர் அவர். ஒரு நோயும் இல்லாத சீனர்களுக்கு மனச்சோர்வு, மனச்சிதைவு அளவுகளில் மதிப்பெண் ஏறி நின்றது. அமெரிக்கத் தரத்தை வைத்துப் பார்த்தால் பாதி ஊர் நோயாளி என்று ஆகிவிடும். பிறகு அவரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து தொண்ணூறுகளில் சீன மக்களுக்கென்றே ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். ஐந்துக்குள் அடங்காத ஒன்று அதில் வெளிவந்தது. உறவுசார் பண்பு என்று சொல்லலாம். ஒத்துப்போதல், முகம் காத்தல் (நாலு பேர் முன்னால் மரியாதை குலையாமல் பார்த்துக்கொள்வது), "ரென்சிங்" மூன்றும் அதில் சேர்த்தி. ரென்சிங் என்றால் ஒருவர் நமக்குச் செய்ததை நினைவில் வைத்து நாம் அவருக்குச் செய்வது, யாருக்கு எவ்வளவு என்று அளவறிந்து செய்வது. பிற்பாடு சீனரல்லாதவர்களிடமும் அந்தப் பண்பு தென்பட்டது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மதுரைப்பொண்ணு | ஞாயிறு, காலை 7:50

நிலா, அது நம்ம ஊர் செய்முறைதான்! எங்க பக்கம் மொய் நோட்டு இருக்கு. யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு செஞ்சாங்கன்னு எங்க ஆச்சி தாத்தா காலத்து நோட்டு வரைக்கும் பத்திரமா வச்சிருப்பாங்க. "செய்முறை தவறாத ஆளு"ன்னு ஒருத்தரைச் சொன்னா அதுக்கு மேல சர்டிபிகேட் வேண்டாம். அம்பது கேள்வியில அதுக்கு ஒண்ணு இல்லையே.

சிவனடியான் | ஞாயிறு, காலை 9:15

வெள்ளைக்காரன் அளவுகோல் எதற்கு என்றுதான் கேட்கிறேன். சத்துவம், ராஜசம், தாமசம் என்று முக்குணங்களை நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டார்கள். அதை வைத்துச் சோதனை செய்தால் போயிற்று.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 10:40

ஐயா, அந்த வழியிலும் ஆய்வு நடந்திருக்கிறது. முக்குணக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. இந்தி மொழியின் குணச்சொற்களைத் தொகுத்துச் செய்த 2013 ஆய்வு ஒன்றிலும் முக்குணச் சாயல் தெரிந்தது. மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். முக்குணம் வெறும் வகைப்பாடு மட்டுமில்லை, ஏணியும்கூட. சத்துவம் மேலே, தாமசம் கீழே. நான்கு வர்ணங்களையும் குணத்தையும் கர்மத்தையும் வைத்துப் பிரித்தேன் என்கிறது கீதை. அந்த ஏணியின் கீழ்ப்படியில் யாரை வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். களையெடுக்கும் அந்த அம்மாவின் மேல் அமெரிக்க அகராதியைப் போடுவது பாரபட்சம் என்றால், வடமொழி ஏட்டைப் போடுவது மட்டும் எப்படி நியாயமாகும்? இரண்டிலும் அவரை யாரும் கேட்கவில்லை.

கணக்கன்_தஞ்சை | ஞாயிறு, பகல் 11:20

வாத்தியார் சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒரு எச்சரிக்கை: "நாடுகளை ஒப்பிடும் பட்டியல்" எதைப் பார்த்தாலும் நம்பிவிடாதீர்கள். 56 நாடுகளை ஒப்பிட்ட 2007 ஆய்வில் பொறுப்புணர்வில் ஜப்பான் கடைசி! ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கும் நாடு. காரணம் சுலபம். "நான் ஒழுங்கானவனா?" என்று ஒருவர் தன்னைக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவரோடுதான் ஒப்பிடுகிறார். ஒழுங்கு மிகுந்த ஊரில் எல்லோரும் தன்னைச் சோம்பேறி என்றே நினைப்பார்கள். ஸ்டீவன் ஹெய்னும் அவர் கூட்டாளிகளும் 2008இல் நாடுகளின் பொறுப்புணர்வு மதிப்பெண்களை வேறு தடயங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். தபால்காரர் வேலை செய்யும் வேகம், தெருவில் நடக்கும் வேகம், பொதுக் கடிகாரங்கள் சரியான நேரம் காட்டுகின்றனவா என்பவை. தன்னைப் பற்றித் தானே சொன்ன மதிப்பெண் இவற்றோடு ஒத்துப்போகவில்லை.

செந்தில்_கோவை | ஞாயிறு, பகல் 12:10

ஒரு சந்தேகம். "யாரிடம்? எந்த விசேஷத்தில்?" என்று அந்த அம்மா கேட்டது படிப்பில்லாததால், இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பழக்கமில்லாததால் என்று யாராவது சொன்னால்?

பழைய_வாத்தியார் | ஞாயிறு, பிற்பகல் 3:00

அப்படிச் சொல்லித்தான் ஐம்பது வருடம் ஓட்டினார்கள். அதற்கு நம் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது.

ஜோன் மில்லர் என்பவர் சிகாகோவிலும் மைசூரிலும் ஒரே மாதிரி விசாரித்து 1984இல் வெளியிட்டார். அவர் சொன்ன ஒரு சம்பவம்: வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார், பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். டயர் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடி. வழக்கறிஞர் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, காயம் எவ்வளவு மோசம் என்று டாக்டரிடம் கேட்காமலே கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். ஏன் அப்படிச் செய்தார்?

அமெரிக்கர்களில் பலர் சொன்னது: பொறுப்பில்லாத ஆள், முன்னேற்ற வெறி பிடித்தவர். மைசூர்க்காரர்களில் பலர் சொன்னது: அன்றைக்குக் கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் நிற்க வேண்டிய கடமை, காயம் வெளியே பெரிதாகத் தெரிந்திருக்காது. ஒருவர் குணத்தைப் பார்க்கிறார், ஒருவர் சூழலைப் பார்க்கிறார். இதில் என்னை உலுக்கியது வேறு. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. வளர வளரத்தான் சிகாகோப் பிள்ளைகள் குணத்தின் பக்கமும், மைசூர்ப் பிள்ளைகள் சூழலின் பக்கமும் போகிறார்கள். அறிவு முதிர முதிர மைசூர்க்காரர் "எங்கே, யாரோடு, ஏன்" என்று கேட்கக் கற்கிறார். அந்த அம்மா கேட்டதும் அதைத்தான். அது அறுபது வருட வாழ்க்கையில் சேர்த்த தேர்ச்சி.

புவனேஸ்வரத்தில் இன்னொரு ஆய்வு. ஷ்வீடரும் போர்னும் செய்தது. தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அமெரிக்கர் "நட்பானவள்" என்பார். ஒடியாக்காரர் "பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவாள்" என்பார். எனக்கு இரண்டாவதில்தான் அந்தப் பெண் கண்ணுக்குத் தெரிகிறாள்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:30

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டேன். டேப்லெட் எடுத்துப் போகவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவுகள்ல நாலு பேரப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். பூவும் இரண்டு முழம் ஏறிவிட்டது.

மூத்த மருமகள்: "வாய்தான் எட்டூருக்குக் கேக்கும், வயித்துல ஒண்ணுமில்ல." சின்ன மருமகள்: "அமுக்கமான புள்ள. சிரிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது." கீழத்தெருவில் ஒருவர்: "மானஸ்தன். கஞ்சிக்கு இல்லைன்னாலும் கை நீட்ட மாட்டான்." கொழுந்தியாள்: "நெளிவுசுளிவு தெரிஞ்சவ. எழவு வீட்டுல எப்படி நிக்கணும், கல்யாண வீட்டுல எப்படி நிக்கணும்னு அவளப் பாத்துத்தான் கத்துக்கணும்."

"உங்களப் பத்தி?" என்றேன். "அத நான் எப்படியப்பா சொல்றது? அவுகளக் கேளு" என்றார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மூன்றைக் கேட்கப்போகிறேன். எதிர்மறை வாக்கியங்களை மாற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து வீட்டுக்கு மேல் வேண்டாம், மனிதரை விவரிக்கும் சொற்களை அந்தப் பெண்களிடமே சேகரிக்க இரண்டு வாரம் வேண்டும். முதல் இரண்டும் கிடைக்கலாம். மூன்றாவதற்குக் கையில் ஏதாவது காட்டினால்தான் நம்புவார்கள். அதனால் உதவி கேட்கிறேன். உங்கள் ஊரில் ஒருவரை இன்ன மாதிரி ஆள் என்று சொல்லப் புழங்கும் சொற்களை ஊர்ப் பெயரோடு இங்கே போடுங்கள். அகராதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். காதால் கேட்டதாக இருந்தால் போதும்.

மதுரைப்பொண்ணு | ஞாயிறு, இரவு 9:48

உசிலம்பட்டி. "ரோசக்காரி": தப்புன்னா பட்டுன்னு ஒதுங்கிடுவா, சண்டை போட மாட்டா. "கைசுத்தம்": காசு விஷயத்துல நம்பலாம்.

ஸ்கார்பரோ_வாணி | ஞாயிறு, இரவு 10:15

யாழ்ப்பாணம். "அடக்கஒடுக்கமான பெட்டை" எண்டு புகழுவினம், அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது புகழ்ச்சியா எண்டு சந்தேகம். அதையும் எழுதுங்கோ. "நெஞ்சில ஈரம் உள்ளவர்", "விடுப்பு அறியிற ஆள்" (ஊர்க்கதை கேட்டுத் திரியிறவர்), இதுகளும்.

கணக்கன்_தஞ்சை | ஞாயிறு, இரவு 10:40

தஞ்சாவூர்ப் பக்கம் "கல்லுளிமங்கன்", "வெள்ளந்தி", "ஊமைக்குசும்பு". அண்ணே, ஒவ்வொரு சொல்லுக்கும் யார் யாரைப் பற்றிச் சொன்னார் என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் மருமகளைச் சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா என்பது பின்னால் கணக்குக்கு வேண்டும். தாளை நான் போட்டுத் தருகிறேன், நாளை காலை ஆறு மணிக்குள் அனுப்பிவிடுகிறேன்.